இனிக்காத தேன்

வேன் ஹார்ன் சத்தம் கேட்டால் அந்த ஊரில் மற்றவர்கள் பாயை எடுத்துக்கொண்டு வெளியே ஓடுவார்கள். அப்புசாமி மட்டும் உள்ளே ஓடுவார். ஓடுவார் என்பது ஒரு பேச்சுக்குத்தான், வலது காலை இழுத்து இழுத்துத்தான் போவார். காலில் சுற்றியிருக்கும் துணியை அவிழ்த்து மிளகுக் கூடைக்கு அடியில் திணிப்பார். புண்ணின் மேல் மஞ்சளை அப்புவார். வேட்டியைக் கணுக்காலுக்குக் கீழே இறக்கிக் கட்டிக்கொள்வார். பிறகு முகத்தைத் துடைத்துச் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு வாசலுக்கு வருவார். அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் ஜனங்கள் அத்தனை கொண்டை ஊசி வளைவையும் தாண்டி, பாதிப் பேர் வாந்தியும் எடுத்து, மேலே வந்திருக்கிறார்கள்.

அந்தச் சிரிப்பு ஒரு பாக்கெட்டின் மேல் அச்சாகியிருந்தது. தலையில் துண்டு, கையில் ஒரு பிடி சாமைக் கதிர், வாய் நிறையப் பல். கீழே பச்சை எழுத்தில், ‘ஊசி இல்லை, மாத்திரை இல்லை, சர்க்கரையும் இல்லை’ என்றிருக்கும். உள்ளே இருப்பது சிறுகுறிஞ்சான் இலையும் நாவல் கொட்டையும் வெந்தயமும் சேர்த்து இடித்த பொடி. மலைமேல் குண்டனி நாடு என்கிற ஊர்க்கூட்டத்தில் ஒரு மூலையில் மிளகும் மரவள்ளியும் போட்டுக்கொண்டு யார் வம்புக்கும் போகாமல் இருந்த மனுஷன், இந்த ஒரு படத்தால் சேலம் ஈரோடு வரைக்கும் பெரிய ஆளாகிவிட்டார். பெரிய ஆளாகி என்ன செய்ய? சொந்தக் காலுக்கு ஒரு கட்டுப் போட்டுக்கொள்ள வழியில்லை.

அவருக்குச் சர்க்கரை வந்தது உண்மை. குடம் குடமாய்த் தண்ணீர் குடித்தார், ஆள் பாதியாய் இளைத்தார், ஒரு நாள் வரப்பிலேயே மயங்கி விழுந்தார். மலைமேல் இருக்கும் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். ரேஷன் அரிசிச் சோற்றைக் குறைக்க வேண்டும், நடக்க வேண்டும், மாத்திரையை நிறுத்தக் கூடாது, செருப்பில்லாமல் காலைத் தரையில் வைக்கக் கூடாது. அப்புசாமி கடைசியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கேட்டார். வெள்ளைச் சோற்றைக் குறைத்துச் சாமைக்கும் ராகிக் களிக்கும் திரும்பினார். மேட்டுக்காட்டுக்கு நடந்தார். மாத்திரையைத் தவறாமல் போட்டார். சர்க்கரை இறங்கியது. அவ்வளவுதான் விஷயம். அதோடு விட்டிருந்தால் இன்றைக்கு நான் இந்தக் கதையைச் சொல்ல வேண்டிய வேலை இல்லை.

மிளகு வாங்க மலைக்கு வரும் முரளி அன்றைக்கு அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தான். அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிக்காரன், சுறுசுறுப்பான பையன், கெட்டவன் என்று சொல்ல மனம் வராது. அவனுடைய அம்மாவும் சர்க்கரைக்காரிதான். அப்புசாமி தெம்பாக நடமாடுவதைப் பார்த்ததும் போனை நீட்டிவிட்டான்.

“எப்படீங்கண்ணா கொறஞ்சுது? நாலு பேருக்குப் பிரயோசனமா இருக்கும், சொல்லுங்க.”

“சாமச்சோறும் களியும் திங்கறனுங்க. நர்ஸம்மா குடுத்த மாத்திரையும் போடறன். நடக்கறன். வேற ஒண்ணுமில்லீங்க” என்றார் அப்புசாமி, முழு உண்மையாக.

மலையை விட்டு இறங்கும்போது அந்த ‘மாத்திரை’ மட்டும் ஏதோ ஒரு வளைவில் உருண்டு விழுந்துவிட்டது போலிருக்கிறது. ஊரெல்லாம் போனில் பார்த்த படத்தில் அது இல்லை. அப்புசாமி கேட்டதற்கு முரளி சிரித்தான். “மாத்திரையத்தான் எல்லாரும் போடறாங்களேண்ணா. சாமையப் பத்தித்தான் சனத்துக்குத் தெரியாது.” கேட்க நியாயமாகத்தான் இருந்தது. பிறகு பொடி வந்தது, பாக்கெட் வந்தது, வேன் வந்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை என்பது இதுதான்.

வருகிறவர்களுக்குக் காட்ட ஒரு வித்தை வேண்டும் அல்லவா? அதைக் கண்டுபிடித்தது முரளி இல்லை, மலைதான். சிறுகுறிஞ்சான் இலையை மென்று துப்பினால் கொஞ்ச நேரத்துக்கு நாக்கு இனிப்பை மறந்துவிடும். சர்க்கரையை வாயில் போட்டால் மணல், வெல்லத்தைப் போட்டால் மண்கட்டி. பாயில் வரிசையாக உட்காரவைத்து ஆளுக்கு ரெண்டு இலை கொடுப்பார்கள். மென்றதும் மலைத்தேனை ஒரு கரண்டி. தேன் விளக்கெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கும், துளி இனிப்பு தெரியாது. “அய்யோ சாமி, மாயமா இருக்குதே!” என்று வாய் பிளப்பார்கள். சிலர் அழுதேவிடுவார்கள். வருஷக்கணக்காய்ப் பழம் பட்சணம் எதையும் தொடாமல் இருந்தவர்கள் வேறென்ன செய்வார்கள்?

நடுவில் உட்கார்ந்து அப்புசாமியும் மெல்ல வேண்டும், அவர்களோடு தேனைக் குடிக்க வேண்டும். பலாக் காலத்தில் சுளை, மற்ற நாளில் மலைவாழை. இனிப்பே தெரியாததால் எவ்வளவு தின்றோம் என்பதும் தெரியாது.

இதில் ஊரை ஏமாற்றினார் என்று அவரைத் திட்டுவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவர் முதலில் ஏமாற்றியது தன்னைத்தான். மலைக்காரனுக்கு மருந்து என்றால் நாக்கில் தெரிய வேண்டும். கசந்தால் பூச்சி சாகிறது, காரம் ஏறினால் சளி அறுகிறது, துவர்த்தால் வயிறு கட்டுகிறது. அப்படிப் பழகிய நாக்கு அது. வாயில் இனிப்புச் செத்துவிட்டால் உடம்பிலும் சர்க்கரை செத்துவிட்டது என்றுதான் அவர் நினைத்தார். இனிக்காத தேன் யாரை என்ன செய்துவிடும்?

மாத்திரை நின்றதும் ஒரு வேனால்தான். ஒரு அம்மாள் தண்ணீர் குடிக்க வீட்டுக்குள் வந்தவள், மாடக்குழியில் இருந்த மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டாள். “இது யாருக்குங்க?” என்று கேட்டாள். அப்புசாமியின் மனைவி செல்லாத்தாளுக்குச் சட்டென்று வாயில் வந்தது, “மாட்டுக்குங்க.” அந்த அம்மாள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். இரவெல்லாம் புருஷனும் பெண்டாட்டியும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அதற்கப்புறம் அந்த மாடு மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. போனால் பார்க்கிறவன் சும்மா இருப்பானா? ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

காலுக்கு வந்ததும் இந்தப் புகழால்தான். அறுப்பு முடிந்து பாறைக் களத்தில் சாமைத்தாளைப் போட்டு மிதித்தபோது முரளி படம் எடுக்க வேண்டும் என்றான். களத்தில் செருப்போடு ஏறும் வழக்கம் அந்த ஊரில் கிடையாது. தானியம் கிடக்கும் இடத்தில் செருப்பை வைப்பவனைக் கிழவிகள் பேரன் என்றும் பாராமல் விளாசிவிடுவார்கள். அப்புசாமி வெறுங்காலோடு ஏறி, சிரித்துச் சிரித்து, திரும்பத் திரும்ப மிதித்தார். வீடு வந்ததும் செல்லாத்தாள்தான் பார்த்தாள். சாணி மெழுகிய தரையில் அவர் நடந்த வழியெல்லாம் ஒற்றைக் காலின் தடம் சிவப்பாக இருந்தது. காலைத் திருப்பினால், கட்டைவிரலுக்குக் கீழே இலந்தை முள் முழுசாக ஏறியிருக்கிறது. பொழுதுக்கும் அதன் மேல் நின்று மிதித்திருக்கிறார்.

“வலிக்கலீங்களா?” என்றாள் அவள்.

“இல்லியே புள்ள” என்றார் அவர். அப்படிச் சொல்லும்போதுதான் அவருக்கே முதல் முறையாகப் பயம் வந்தது.

மஞ்சள் வைத்தார்கள், வேப்பெண்ணெய் வைத்தார்கள், குப்பைமேனியை அரைத்துக் கட்டினார்கள். கொட்டிலில் பொடி இடிக்கும் பெண்களுக்குத் தெரியாமல், வரும் வேன்களுக்குத் தெரியாமல், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள். புண் ஆறவில்லை. விரல் கறுத்தது. ஊதுபத்தி கொளுத்தியும் அடங்காத ஒரு வாடை வீட்டுக்குள் சுற்ற ஆரம்பித்தது.

முரளி அடுத்த முறை வந்தபோது அவனைத் தனியாக மிளகுக்கொடிப் பக்கம் கூட்டிப்போய்ச் சொல்லிப் பார்த்தார். “கண்ணு, எனக்கு முடியலீங்க சாமி. படத்த எடுத்துரு. மாத்திரை போட்டுத்தான் கொறஞ்சுதுன்னு சொல்லிரலாம்.”

முரளி கோபப்படவில்லை, அதுதான் கஷ்டம். கையைப் பிடித்துக்கொண்டான். “அண்ணா, உங்க மொகத்த எடுத்தா பொடிய யாரு வாங்குவாங்க? கொட்டில மூடுனா இந்தப் பொம்பளைங்க மறுக்காத் திருப்பூருக்குத்தான் போகோணும். உங்க மச்சான் சென்றாயன் இப்பத்தான் மில்ல உட்டுட்டு ஊடு வந்து சேந்தான். எங்கம்மாளே இதைத்தான் குடிக்குது, நான் பொய்யாண்ணா சொல்லுவேன்?” அப்புசாமி கொட்டில் பக்கம் பார்த்தார். செல்லாத்தாளின் தம்பி சென்றாயன் இலை மூட்டையைத் தூக்கிக்கொண்டு பாட்டுப் பாடிக்கொண்டிருந்தான். திருப்பூரில் இருந்த காலத்தில் அவன் தன் பிள்ளையின் முகத்தைப் பொங்கலுக்குத்தான் பார்ப்பான். புலிவாலைப் பிடித்தவன் விடவும் முடியாது, வைத்திருக்கவும் முடியாது. அப்புசாமி வேட்டியை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கிக் கட்டிக்கொண்டு கொட்டிலுக்குத் திரும்பினார்.

கடைசியில் செல்லாத்தாள்தான் ஒரு விடிகாலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். “ஏனுங்க, கெளம்புங்க. ஊரு என்ன வேணாச் சொல்லட்டும். எனக்கு நீங்க வேணும்.” எந்தப் பக்கம் இறங்குவது என்பதில் அப்போதும் ஒரு சண்டை. காளப்பநாயக்கன்பட்டி வழியென்றால் டீக்கடைக்காரன்கூட அவர் முகத்தைக் கண்டுபிடிப்பான். அதனால் முள்ளுக்குறிச்சிப் பக்கம் இறங்கும் பஸ்ஸில் ஏறி, தலையில் துண்டைச் சுற்றி, மூக்கு வரைக்கும் மறைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பேருக்குப் பேர் கும்பிட்ட மனுஷன், கோழி திருடியவனைப் போலப் போனார்.

கீழே அரசு ஆஸ்பத்திரியில் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை.

“அய்யா! நீங்க அப்புசாமி அய்யாதானுங்களே?”

விதி எப்போதும் முள்ளுக்குறிச்சிப் பஸ்ஸில்தான் வரும் போலிருக்கிறது. எதிரே நின்றவள் பானுமதி, முள்ளுக்குறிச்சியில் தோட்டம் வைத்திருக்கும் குடும்பம். பலாக் காலத்தில் வேனில் வந்தவள், தேன் இனிக்கவில்லை என்று பாயிலேயே உட்கார்ந்து தேம்பி அழுதவள். அவளை அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

“கும்பிடப் போன சாமி குறுக்க வந்த மாதிரி வந்தீங்க” என்று அவர் கையைப் பிடித்து இழுத்தாள். “எங்க ஊட்டுக்காரரு உள்ளதான் படுத்திருக்காருங்க. ஊசி போடோணும்னு டாக்டருங்க ஒத்தக் கால்ல நிக்கறாங்க. அவரு கைய நீட்ட மாட்டேங்கறாரு. அப்புசாமிக்கு ஊசியா போட்டாங்கன்னு கேக்கறாரு. நீங்களே வந்து ஒரு வார்த்த சொல்லுங்க, நாங்க ஊட்டுக்குப் போயிர்றோம்.”

அப்புசாமி செல்லாத்தாளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள். மேலே ஊர், கீழே இது. ஒளிந்துகொள்ள இனி இடமில்லை.

கட்டிலில் கிடந்தவர் பெயர் குழந்தைசாமி. ஆள் பெரிய உருவம், முகம் மட்டும் வீங்கிப் பழுத்திருந்தது. கண் மங்கிவிட்டது, குரல் வரும் திசையைத்தான் பார்த்தார். அப்புசாமி என்று கேட்டதும் எழுந்து உட்கார முயன்றார். பக்கத்தில் நர்ஸ் ஊசியை வைத்துக்கொண்டு சலித்துப்போய் நின்றாள்.

“சொல்லுங்கய்யா” என்றாள் பானுமதி.

‘பொடியைக் குடிங்க, சரியாகும்’ என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தால் எல்லாம் பழையபடியே இருக்கும். கொட்டில் இருக்கும், சென்றாயன் ஊரில் இருப்பான். வாயைத் திறக்கவும் செய்தார். அந்த வார்த்தை வரவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வலது காலைத் தூக்கி வைத்துத் துணியை அவிழ்த்தார். வாடையே குழந்தைசாமிக்குப் பாதியைச் சொல்லியிருக்கும்.

“நானும் மாத்திரை போட்டுத்தானுங்க கொறஞ்சுது. அதச் சொன்னேன், படத்துல வரல. அப்புறம் நானே நிறுத்திட்டேன். எல தின்னா நாக்குக்குத்தான் இனிப்புத் தெரியாம போவுது. ஒடம்புக்குத் தெரியுதுங்க. எல்லாமே தெரியுது.” சொல்லிவிட்டுக் குழந்தை போல அழுதார். அவமானத்தில் அழுதாரா, பாரம் இறங்கியதில் அழுதாரா என்று அவருக்கே தெரியாது.

பானுமதி கையை உதறிக்கொண்டு பின்னால் போனாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. பையிலிருந்து பாக்கெட்டை எடுத்து, படம் மேலே தெரியும்படி அவர் மடியில் வைத்தாள்.

“தேன் குடிச்சீங்களா?” என்று குழந்தைசாமி கேட்டார்.

“குடிச்சேனுங்க.”

“நானுந்தான். தெனமும் எலைய மென்னுட்டு. அது சாமி குடுத்த வரம்னு நெனச்சேன்.” பிறகு நர்ஸ் நின்ற பக்கம் கையை நீட்டினார்.

அப்புசாமிக்குக் கட்டைவிரலும் அடுத்த விரலும் போயின. இன்னும் தாமதித்திருந்தால் கால் போயிருக்கும் என்று டாக்டர் கத்தினார். ஓரளவு ஆறி வீடு திரும்பும்போது அப்புசாமி காளப்பநாயக்கன்பட்டி வழியாகத்தான் போவேன் என்று பிடிவாதம் பிடித்தார். துண்டைத் தோளில் போட்டார், கட்டுப் போட்ட காலை பஸ்ஸில் எல்லோரும் பார்க்க நீட்டி வைத்துக்கொண்டார். மலை ஏற ஏற அவருக்குச் சந்தோஷம்கூட வந்தது. இனி ஒளிய ஒன்றுமில்லை. வேன் வந்தால் இந்தக் காலைக் காட்டுவேன், மாத்திரையைச் சொல்வேன், சாமையையும் சொல்வேன். உள்ளதைச் சொல்லியே விற்கலாமே, ஊரும் பிழைக்குமே என்று செல்லாத்தாளிடம் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்.

ஊருக்குள் வந்தால் வாசலில் வேன் நின்றிருந்தது. பாய் விரித்திருந்தது, ஜனங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில், அவருடைய இடத்தில், தலையில் துண்டு கட்டிச் சென்றாயன் உட்கார்ந்திருந்தான்.

செல்லாத்தாள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். “இவனுக்கு ஏது சக்கர?” என்றாள் வாய்க்குள்.

“போன வாரந்தான் பாத்தமுங்கக்கா. மூணு நாளா மயக்கமா இருக்குதுன்னான், கீழ கூட்டிட்டுப் போனேன், இருக்குதுன்னுட்டாங்க” என்றான் முரளி, ஓடி வந்து. அவன் குரலில் சந்தோஷம் இல்லை. துக்கமும் இல்லை. அவன் கண் அப்புசாமியின் காலுக்குப் போனது, அங்கேயே ஒரு நொடி நின்றது. பிறகு ஜனங்கள் பக்கம் திரும்பினான். அந்த நொடியில் அவன் என்ன நினைத்தான் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவன் வாயிலிருந்து வந்தது இதுதான்:

“பாத்துக்குங்க. படத்துல இருக்கற அப்புசாமி அண்ணன் இவருதான். நடுவுல பத்தியத்த உட்டுட்டாரு. உட்டா இப்படித்தான் ஆவும்.”

பாய் முழுக்க ‘அச்சச்சோ’ என்று ஒரு சத்தம் எழுந்தது. அப்புசாமிக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. “பொய்யி! பத்தியம் இல்லீங்க, மாத்திரை! மாத்திரையத்தான் நான் உட்டேன்! எலையும் தேனுந்தான் என் கால அரிச்சுது!” என்று கத்தினார். இடுப்பிலிருந்து அட்டையை எடுத்து, ஒன்றைப் பிதுக்கி, அத்தனை பேர் பார்க்க வெறும் வாயில் போட்டு விழுங்கினார். பட்டப்பகலில், சொந்த வாசலில். ஜனங்கள் பார்த்தார்கள். கோபமாய்ப் பார்க்கவில்லை, பரிதாபமாய்ப் பார்த்தார்கள். “பாவம், கால் போனதுல மனசு ஒடிஞ்சிருச்சு” என்று ஒரு பெரியவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். ஒரு அம்மாள் தன் பங்கு இலையைக் கையில் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அப்புசாமி பாயில் ஏறிச் சென்றாயன் முன்னால் போய் நின்றார். மீதி மாத்திரை அட்டையை நீட்டினார். “மச்சான், இதப் போடுறா. நான் சொல்றேன், கேளுடா சாமி.”

சென்றாயன் வாயில் இலை இருந்தது. அவன் மாமனை மரியாதையாகத்தான் பார்த்தான். அவர் பின்னால் கொட்டில் வாசலில் நின்ற தன் பெண்டாட்டியையும் பிள்ளையையும் ஒரு தரம் பார்த்தான். இலையைத் துப்பிவிட்டு, கரண்டித் தேனை வாயில் ஊற்றிக்கொண்டான்.

“இனிக்குதாடா?” என்றார் அப்புசாமி.

“துளிகூட இல்லீங்க மாமா” என்றான் சென்றாயன், முகமெல்லாம் சிரிப்பாக. ஜனங்கள் கை தட்டினார்கள்.

அப்புசாமி அட்டையை அவன் மடியில் வைத்தார். உள்ளே போகவில்லை. கட்டுப் போட்ட காலை முன்னால் நீட்டி, பாயின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். இனி எந்த வேன் வந்தாலும் காலைக் காட்டிச் சொல்லிக்கொண்டு இங்கேதான் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.